மூன்றாம் எண் படகு

ஏரியூர்ப் பக்கத்தில் மாதேஸைத் தேடி வருகிறவர்கள் வண்டிச் சக்கரத்துக்கோ கலப்பைக்கோ கதவுக்கோதான் வருவார்கள். நாற்பத்தேழாம் வருஷம் தை மாதம் சேலத்திலிருந்து மோட்டாரில் வந்து இறங்கிய மில் முதலாளி வெங்கடாசலம் கேட்டதோ படகு. பரிசலும் இல்லை, மீன்பிடிக்கிற தோணியும் இல்லை. அணை கட்டிய வெள்ளைக்கார இஞ்சினியர்கள் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பந்தயம் விட்ட சின்னப் பாய்மரப் படகுகள். யுத்தம் வந்ததும் துரைமார் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள், கிளப்பை இழுத்து மூடினார்கள், படகுகள் போன இடம் தெரியவில்லை. அவற்றைத் தேடிப்பிடித்துப் பழையபடி ஆக்கி, ஆடியில் அணை நிரம்பியதும் மறுபடி பந்தயம் விடவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. காசுள்ளவனுக்கு ஆசை எந்த ரூபத்தில் வரும் என்று யார் கண்டது?

"கிளப்புப் படகுக் கொட்டாயில வேலை செஞ்ச ஆளு நீதானாமே?" என்றார்.

"ஆமாங்க. மொத்தம் மூணு படகுங்க. ரெண்டைத் தேடிப் பாக்கலாம்ங்க."

"மூணாவது?"

மாதேஸ் உளியைத் துடைக்க ஆரம்பித்தான்.

மூன்றாம் எண் படகைத் திருடிக்கொண்டு ஓடியவன் அவனுடைய அண்ணன் தர்மன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பந்தயத்தில் காற்று ஒருபக்கம் தள்ளும்போது படகு கவிழாமலிருக்க, எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து வெளியே சாய்ந்து பாரம் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். தர்மன் அந்த வேலையில் கெட்டிக்காரன். தலைமுடி தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்வான், அப்படிச் சாய்ந்துகொண்டே பாட்டும் பாடுவான். ஒரு கோடையில், புதுப் பாயைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. இரண்டொரு நாளில் மேலே குடகில் மழை பிடித்துக்கொண்டு வெள்ளம் வந்துவிட்டது. போலீஸ் வந்து பானை சட்டியையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தது, குதிருக்குள் படகை ஒளித்துவைக்க முடியும் என்பதுபோல. ஊர் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. எதிர்க்கரையில் படகை விற்றுவிட்டு, கொள்ளேகால் பக்கம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறானாம். சந்தையில் பார்த்ததாகச் சொல்ல யாருடைய மச்சானாவது எப்போதும் இருந்தான்.

தர்மனின் மனைவி சாலம்மாள் இதில் ஒன்றையும் நம்பவில்லை. "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்று ஒரே வாக்கியம் சொல்வாள். காலையில் எழுந்ததும் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு, திருடன் பொண்டாட்டி என்ற பேச்சைக் காதில் வாங்கியபடியே கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். பத்து வருஷம் இப்படி.

மாதேஸுக்கு அண்ணன் பெயரில் ஒட்டிய கறையைக் கழுவிவிடவேண்டும். ஆனால் அண்ணன் திருடவில்லை என்றால் தண்ணீரில்தான் போயிருக்கவேண்டும். தண்ணீரில் போயிருந்தால் அண்ணியின் நெற்றியில் அந்தக் குங்குமம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் வேறு வழி உண்டா என்று அவன் மனசு பத்து வருஷமாகக் கிடந்து அடித்துக்கொண்டது.

முதல் படகு நாகமரையில் அகப்பட்டது. ராமக்கா என்பவள் அதைக் குப்புறக் கவிழ்த்து ஆட்டுப்பட்டிக்குக் கூரையாக்கியிருந்தாள். வேறு கூரை போட்டுக் கொடுத்த பிறகுதான் அதைத் தொடவிட்டாள். இரண்டாவது, பாலக்கோட்டில் ஒரு வெல்லக் கொட்டகையில் கரும்புச்சாறு தேக்கும் தொட்டியாக இருந்தது. சுரண்டச் சுரண்ட வெல்ல வாசம்தான் வந்தது. எறும்புகளை விரட்டுவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உளுத்த பலகைகளைக் கழற்றித் தேக்கு போட்டான், செம்பு ஆணி அடித்தான், இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினான். வத்தல்மலையிலிருந்து நேரான மரமாகப் பார்த்து இறக்கிப் பாய்மரம் செதுக்கினான்.

முதல் படகைத் தண்ணீரில் தள்ளிப் பாய் விரித்த அன்று பட்டப்பகல். நடுத்தேக்கத்துக்குப் போனதும் காற்று சட்டென்று திரும்பிப் பாயை அறைந்தது. ஒற்றை ஆளோடு போகும் படகு அந்த அடிக்குக் கவிழ்ந்திருக்கவேண்டும். கவிழவில்லை. எதிர்ப்பக்க விளிம்பு மெல்லத் தாழ்ந்து, யாரோ பாரம் கொடுத்ததுபோல் படகு நேராக ஓடியது. மாதேஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியுமோ என்று பயம். கரைக்கு வந்து பார்த்தபோது அந்த விளிம்பில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் ஈரம். அன்றைக்கு அலையும் இல்லை, தெறிப்பும் இல்லை.

அப்புறம் எப்போது படகு விட்டாலும் அந்தப் பாரம் வந்து உட்கார்ந்தது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன அவர்களுடைய பழைய ஊர் இருந்த இடத்துக்கு மேலே வரும்போது, காற்று வீசிக்கொண்டிருந்தாலும் பாய் துவண்டு படகு நின்றுவிடும். கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் நகரும். யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் சாலம்மாள் அவனுக்குக் களி கொண்டுவந்தாள். கரையில் கிடந்த படகைச் சுற்றிவந்து விளிம்பில் கை வைத்தாள்.

"இங்கதான ஒக்காருவாரு, தம்பி?"

"ஆமாங்கண்ணி."

அவள் கையை எடுத்தாள், உள்ளங்கை நனைந்திருந்தது. அதை முந்தானையில் துடைக்காமல் அப்படியே மூடிக்கொண்டு போனாள்.

வைகாசியில் மழை பொய்த்தது. தண்ணீர் பத்து வருஷத்தில் காணாத அளவுக்கு வற்றி, பழைய ஊர் மெல்ல வெளியே வந்தது. முதலில் கோவில் மேடை, பிறகு புளியமரங்களின் மொட்டைக் கட்டைகள், கடைசியில் வீட்டுச் சுவர்கள். பேய் பிடிக்கும் என்று ஊரார் அந்தப் பக்கமே போகவில்லை. மாதேஸ் போனான். வெடித்த சேற்றில் நடந்து, தான் பிறந்த வீட்டு வாசலில் நின்றான்.

மாடு கட்டுகிற கல்தூணில் ஒரு கயிறு சுற்றியிருந்தது. கயிறு போன இடத்தில் சேற்றைத் தோண்டினான். பலகை தட்டுப்பட்டது, அதில் மூன்று என்ற எண். பாய் ஒழுங்காக இறக்கிச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. ஓடுகிறவன் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டுத் தன் வீட்டு வாசலில் படகை நிறுத்துவானா? கயிற்றைக் குட்டையாகக் கட்டியிருந்ததால், வெள்ளம் ஏறியபோது படகு மிதக்க வழியில்லாமல் நிரம்பி அங்கேயே அமிழ்ந்திருக்கிறது.

உள்ளே சமையற்கட்டுச் சுவர் இடிந்து கிடந்தது. மண்ணைப் புரட்டியபோது எலும்பு தெரிந்தது, இடுப்புப் பக்கம் அண்ணனுடைய வெள்ளி அரைஞாண். இரண்டு கை எலும்புகளுக்கும் நடுவில் அம்மிக்கல்.

மாதேஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அது சாலம்மாள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அம்மி. அணைக்காக ஊரைக் காலி செய்தபோது வண்டியில் இடமில்லை என்று விட்டுவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் துவையல் அரைக்கும்போதெல்லாம் அவள் தர்மனிடம் முணுமுணுப்பாள், "என் அம்மி மாதிரி வருமா இது?" அந்தக் கோடையில் தண்ணீர் வாசல்வரை இறங்கி வீடு தலைகாட்டியிருக்கிறது. அண்ணன் பாய் சோதிக்கிற சாக்கில் அம்மியை எடுக்கப் போயிருக்கிறான். ஊறிய சுவர் அவன் மேல் விழுந்திருக்கிறது.

வாய்விட்டு அழுதான். அழுது முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இதைச் சொன்னால் பங்காளிகள் கூடுவார்கள். அண்ணியை ஆற்றங்கரைக்கு இழுத்துப்போய் வளையலை உடைப்பார்கள், குங்குமத்தை அழிப்பார்கள், தாலியை அறுப்பார்கள். போதாததற்கு, உன் அம்மிதான் அவனைக் கொன்றது என்று சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். அவர்கள் விட்டாலும் அவளே சொல்லிக்கொள்வாள்.

அண்ணனை அந்த வீட்டுக்குள்ளேயே குழிவெட்டிப் புதைத்தான். அரைஞாணையும் உடன் வைத்து, அம்மியை மேலே போட்டு மண்ணை மூடினான். படகை மட்டும் சேற்றிலிருந்து கெல்லி எடுத்து, உருளைக் கட்டை வைத்துத் தண்ணீர்வரை தள்ளினான். பொத்தல்களைக் களிமண்ணாலும் துணியாலும் அடைத்து, முதல் படகின் பின்னால் கட்டி இழுத்துவந்தான். வழியில் என்ன சொல்வது என்று யோசித்து முடித்திருந்தான்.

"எதிர்க்கரையில கெடந்துச்சுங்கண்ணி," என்றான். "அண்ணன் வித்துட்டாராம். கொள்ளேகால் பக்கம் நல்லாத்தான் இருக்காராம்."

அண்ணன் பெயரைக் காப்பாற்றத் துடித்தவன் தன் வாயாலேயே அதில் சாணியைக் கரைத்து ஊற்றினான். அண்ணியின் நெற்றி நிறைந்திருக்கும், அது போதும் என்று நினைத்தான்.

சாலம்மாள், "குடும்பமாவா இருக்காரு?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்படித்தான் சொன்னாங்க."

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். அன்றைக்கப்புறம் மாதேஸ் படகு விட்டபோது விளிம்பில் பாரம் வரவில்லை, ஈரமும் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அவன் நம்பினான். மூன்றாம் படகை இழைத்தான், பூசினான், எண்ணைப் புதிதாக எழுதினான். ஆடி பிறந்து வெள்ளம் வந்தது. பழைய ஊர் ஒரே இரவில் மறைந்துபோனது. மறுநாள் பந்தயம் என்றிருக்கும்போது சாலம்மாள் கரைக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாலியை எடுத்துப் படகின் பலகைமேல் வைத்தாள்.

"இத உன் அண்ணன் வித்த காசோட சேத்துக்க."

"அண்ணி! என்னாங்க இது?"

"அவரு செத்திருந்தா இத ஊருதான் அறுத்திருக்கும், தம்பி. நான் அறுத்திருக்க மாட்டன். என் மனசுல இருந்திருக்கும். என்ன வுட்டுட்டு இன்னொருத்தியோட இருக்கற மனுசனுக்கு எதுக்கு நான் பொட்டு வெக்கணும்?"

மாதேஸ் அவள் காலில் விழுந்தான். எல்லாவற்றையும் சொன்னான். தூண், கயிறு, சுருட்டிய பாய், எலும்பு, அம்மி. சொல்லச் சொல்ல அவள் முகம் கனிந்தது. அவனுக்கு உயிர் வந்தது.

"எனக்கோசரம் நல்லாக் கதை கட்டற, தம்பி," என்றாள்.

"கதை இல்லைங்கண்ணி! வாங்க, காட்டறன்!"

மூன்றாம் படகிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனான். பழைய ஊருக்கு நேராக வந்ததும் பாயை இறக்கினான். எல்லாப் பக்கமும் செந்தண்ணீர், அதில் சுழித்துப்போகும் நுரை. சாலம்மாள் குனிந்து பார்த்தாள். அவளுடைய நிழலைத் தவிர அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"கீழதான் இருக்காருங்க. சத்தியமா இருக்காரு. அடுத்த கோடையில தண்ணி எறங்கனதும் காட்டறன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"பத்து கோடை பாத்துட்டன், தம்பி. திருப்பு. அடுப்புல ஒலை வெச்சிட்டு வந்திருக்கறன்."