ஒரு அரிசி குறைச்சு

சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது, அதன் முன்னால் கிடக்கும் முக்காலியில் ஆளில்லை, ஆனாலும் சுற்றுகிறது, நடுவில் ஈரம் மின்ன ஒரு ஜாடி, ஒருபக்கம் லேசாகச் சாய்ந்த ஜாடி, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை யாரையோ பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறது, நான் என் மண்பாண்டச் செட்டின் வாசலில், தாராபுரத்துக் கல்யாணத்துக்குக் கட்டிப்போன பட்டுப்புடவையோடும் தாம்பூலப் பையோடும் நிற்கிறேன், ஏனுங் மாமா, மண்ணைத் தொடவே மாட்டேன்னு சொன்ன மனுசன் ஜாடி பண்ணியிருக்கீங்களாக்கும் என்று சிரிக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன், எத்தனை முறை நினைத்தாலும் அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது, அதன் பிறகுதான் கழிவு மண் வாளிக்குப் பின்னால் என் கணவரின் கால்கள் தெரிகின்றன. அடுத்ததெல்லாம் ஆம்புலன்ஸும் பச்சைத் திரையும் ஆஸ்பத்திரி வராந்தாவுமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது, பிரித்தெடுக்க முடியவில்லை, சக்கரத்தின் ஓரத் தட்டில் இருந்த, அளவெடுக்கும் காலிப்பர் மட்டும் இப்போதும் தனியாகத் தெரிகிறது, இரண்டு கால்களையும் விரித்தபடி, திருகு இறுக்கியபடி, அவர் ஜாடியின் வாய் அளவை அதில் எடுத்து வைத்துவிட்டு மூடிக்கு மண் எடுக்கத்தான் குனிந்திருக்கிறார்.

அந்தக் காலிப்பரும் அவர் செய்ததுதான், இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு இரண்டைத் தீயில் காட்டி வளைத்து, நண்டுக் கொடுக்குபோல நடுவில் ஒரு திருகு வைத்து, என்னிடம் நீட்டும்போது, இதுல அளந்தாவது உன்ற ஜாடிக்கு ஒரு மூடி பொருந்துதா பார்ப்போம் என்றார். என் செட்டில் அவர் செய்யாத சாமான் எது, பாண்டிச்சேரியில் மண்பாண்டப் பயிற்சி முடித்து வந்து, எனக்கு ஒரு சக்கரம் வேண்டும், மண் அறுக்கக் கம்பி வேண்டும், வழிக்கத் தகடு வேண்டும், ஊசி வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனபோது, லேத்துப் பட்டறைக்காரன் வீட்டுல இதையெல்லாம் கடையில வாங்குனா ஊர் சிரிக்கும் புள்ள என்று எழுந்து போனவர், எங்கள் பழைய கிரைண்டரின் மோட்டாரைக் கழற்றிச் சக்கரம் செய்துவிட்டார், அது நான் பயின்றதற்கு நேர் எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றியது, மோட்டாரைத் திருப்ப முடியாது, நீ திரும்பிக்கோ என்றார், நானும் திரும்பிக்கொண்டேன், கைகள் இரண்டும் புதிதாக மறுபடி படித்தன. பைக்கின் கிளட்ச் ஒயரில் ஓர் இழை பிரித்து இருபுறமும் மரக்கட்டை முடிந்து அறுக்கும் கம்பி, சைக்கிள் ஆரக்கம்பியைத் தீட்டி ஊசி, தேய்த்துத் தேய்த்து ஓரம் மழுங்கிய கொட்டாங்குச்சித் துண்டு வழிப்பதற்கு, பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்து, தினமும் இவ்வளவு மாவு ஆட்டுறீங்களே, ஓட்டலுக்கா என்று கேட்டதும், ஆமாங்க, மண் இட்லி, நாலு எடுத்துட்டுப் போறீங்களா என்று அவர் சொன்னதும், இதையெல்லாம் நினைக்கும்போது அவர் குரல் இந்தச் சுவரிலிருந்தே வருவதுபோல் இருக்கிறது, ஏம்புள்ள, உன்ற ஜாடிக்கெல்லாம் தொப்பிதான் இருக்குது, மூடி எங்க.

உண்மைதான், நான் கண்ணால் அளக்கிறவள், இவ்வளவு இருக்கும் என்று நினைத்தால் அவ்வளவுதான் என்று நம்பிவிடுவேன், அவர் பட்டறையில் நாற்பது வருடம் இரும்பை மயிரளவு பார்த்துப் பழகியவர், என் மூடியை வாங்கி ஜாடியின் மேல் வைத்து, அது உள்ளே இறங்காமல் மேலேயே உட்காருவதைப் பார்த்துச் சிரிப்பார், ஒரு அரிசி குறைச்சுப் பண்ணு என்பார், எப்போதும் அதுதான் அவர் அளவு, ஒரு அரிசி, அரை அரிசி. ஈர ஜாடியின் வாயை அளந்து, அந்த அளவிலேயே அதே மண்ணில் அன்றே மூடி செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காய விட்டால் இரண்டும் சேர்ந்து சுருங்கி ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன், சொல்லத் தெரிந்த எனக்குச் செய்யத் தெரியவில்லை, அதைச் செய்துகாட்டத்தான் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு இருந்திருக்கிறார், நல்ல மண்ணை வீணாக்கக் கூடாதென்று கழிவு மண் வாளியிலிருந்து எடுத்திருக்கிறார். அந்த ஜாடி பலகையில் ஏறிக் காய்ந்து சுருங்கிவிட்டது, காய்ந்த வாயை அளந்து கணக்குப் போடலாமென்றால் அது நாலைந்து விதமான மண் கலந்த வாளி, எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த ஈர வாயின் அளவு இப்போது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, இறுக்கிய திருகுக்குக் கீழே விரிந்து நிற்கும் அந்த இரண்டு கால்களுக்கு நடுவில், அதனால் நான் அதைத் தொடவில்லை, தூசி தட்டக்கூட இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவரிடம் பேச்சு இல்லை, வலது பக்கம் இல்லை, கண்கள் என் மேல் படுகின்றன, நிற்கின்றனவா என்று தெரியவில்லை, விழித்திருக்கும் நேரமெல்லாம் இடது கை மட்டும் மார்புக்கு நேராக எழுந்து நிற்கிறது, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் விரிந்து, நடுவே ஓர் இடைவெளி, எதையோ இவ்வளவு என்று காட்டுவதுபோல. தம்ளரா மாமா என்று தம்ளரைக் கொடுத்தேன், விழுந்தது, சோப்பா, மூக்குக் கண்ணாடிக் கூடா, வீட்டிலிருக்கும் சாமான் ஒவ்வொன்றையும் அந்த இடைவெளியில் வைத்து வைத்துப் பார்த்தேன், ஒரு குழந்தைக்குக் காட்டுவதுபோல் காட்டினேன், விரல்கள் எதையும் பிடிக்கவில்லை, மூடிக்கொள்ளவுமில்லை. பிசியோதெரபிக்கு வரும் ஜெனிபர் நல்ல பெண், அவளும் மனசு கேட்காமல்தான் சொன்னாள், அதுல அர்த்தம் தேடாதீங்கக்கா, மூளை ஒரே இடத்துல மாட்டிக்கிட்டா கையும் அங்கேயே நின்னுடும், நிறையப் பேருக்குப் பார்த்திருக்கேன். அப்படியென்றால் இவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா ஜெனிபர் என்று கேட்டேன், எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான், அவள் என் தோளில் கை வைத்துவிட்டு அவருடைய காலை மடக்கி நீட்டத் தொடங்கினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு.

கனவில் அவரே சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்து சுற்றுகிறார், விரல்களை விரித்தபடி, ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முகம் என் பக்கம் வருகிறது, வாயைத் திறக்கிறார், சொல்வதற்குள் சுற்றிப் போய்விடுகிறார், நான் மோட்டாரின் சுவிட்சைத் தேடுகிறேன், சுவரெல்லாம் ஈரம், கை வழுக்குகிறது, இந்தக் கனவிலிருந்து விழித்தெழுந்த ஒரு காலையில்தான் செட்டுப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கிறது, ஓடிப் போகிறேன், பாவாயி நங்கை, அவருடைய அக்கா, தம்பியைப் பார்த்துக்கொள்ள அவிநாசியிலிருந்து வந்து எங்களோடேயே இருப்பவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முகமெல்லாம் வியர்வையும் மகிழ்ச்சியுமாக நிற்கிறாள், பாரு அம்மிணி, பூரா ஒட்டடை, எல்லாம் தூத்து வுட்டேன், நீயும் எத்தனைதான் பார்ப்பே என்கிறாள். ஓரத் தட்டு காலியாக இருந்தது, நங்கை, இங்க ஒரு இரும்புச் சாமான் என்றேன், அதா, துருப்புடிச்சுக் கெடந்துது கண்ணு, தேங்கா எண்ணெ போட்டுத் தொடச்சு, மடக்கிப் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன், இனி பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது. திருகு தளர்ந்து, கால்கள் இரண்டும் ஒட்டி, எண்ணெயில் பளபளத்துக்கொண்டு கிடந்தது, நான் கத்தியிருக்கலாம், எதைச் சொல்லிக் கத்துவது, அந்த எழுபது வயசுக் கைகள் இன்று காலைதான் அவருடைய துணியை அலசிக் காயப்போட்டிருக்கின்றன, நல்லா இருக்குதுங்க நங்கை என்று சொல்லிவிட்டேன், அவள் சந்தோஷமாகத் தண்ணீர் தெளிக்கப் போனாள், என் வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாமல் ஒருபோதும் நின்றதில்லை.

அவரிடம்தான் போய்ச் சொன்னேன், வேறு யாரிடம் சொல்ல, பழக்கம்தான், எதுவானாலும் அவரிடம் போய்க் கொட்டும் பழக்கம், பாருங்க உங்க அக்கா பண்ணியிருக்கிறதை, நீங்க எடுத்து வெச்ச அளவு போச்சு மாமா, போயே போச்சு என்று காலிப்பரை அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன், கால்கள் தளர்ந்து தாமாக விரிந்தன, அவர் விரல்கள் வழக்கம்போல விரிந்தே நின்றன, இதுவும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில், அப்போதுதான் பார்த்தேன், இத்தனை நாளாகத் தம்ளரையும் சோப்பையும் வைத்துப் பார்த்தேனே, இதை வைத்துப் பார்க்கவில்லையே. இரண்டு விரல்களுக்கும் நடுவே கால்களை விரித்து, முனைகள் தோலைத் தொடும்வரை விரித்து, திருகை இறுக்கினேன், அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஜெனிபர் சொன்னது காதில் இருந்தது, அர்த்தம் தேடாதீங்கக்கா, தேடாமல் என்ன செய்வது பெண்ணே, எனக்கு வேறு என்ன வேலை. அன்றே சக்கரத்தைப் போட்டேன், புது மண் பையைப் பிரித்தேன், அந்த அளவுக்கு ஒரு மூடி செய்தேன், மூன்று கெட்டுப்போய் நாலாவது நின்றது, ஜாடிக்குப் பக்கத்தில் காய வைத்தேன். மூடி காய்வதை அவசரப்படுத்த முடியாது, வெயிலில் வைத்தால் வெடிக்கும், ஈரத்துணி மூடி நிழலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கத்தான் முடியும், தினமும் காலையில் கஞ்சி ஊட்டி முடித்ததும், காலிப்பரை எடுத்துப்போய் அவர் விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்ப்பேன், சரியாக நுழையும், தொட்டும் தொடாமலும், ஒரு நாளும் கூடவில்லை, ஒரு நாளும் குறையவில்லை, முதலில் அது சந்தோஷமாக இருந்தது, பிறகு அதுவே பயமாகிவிட்டது, இவ்வளவு மாறாமல் நிற்பது மனிதன் கை இல்லையே, ஜெனிபர் சொன்னதுதான் சரியோ, மாட்டிக்கொண்டு நின்றுவிட்ட ஒன்றைத்தான் நான் அளந்துகொண்டிருக்கிறேனோ.

மூடி வெளுத்துக் காய்ந்ததும் ஜாடியையும் மூடியையும் தட்டில் வைத்து அவர் கட்டிலுக்குக் கொண்டுபோனேன், நங்கை தலையணை வைத்து அவரை நிமிர்த்தினாள், தம்பி, பாரு சாமி, என்னமோ பண்ணிக் கொண்டாந்திருக்கா உன்ற பொண்டாட்டி என்றாள், நான் மூடியை ஜாடியின் மேல் வைத்தேன். அது உள்ளே இறங்கவில்லை, மேலேயே உட்கார்ந்தது, தொப்பிபோல, என் வாழ்நாள் முழுக்க நான் செய்த எல்லா மூடிகளையும்போல, எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் எடுத்தது கழிவு வாளி மண், அது அதிகமாகச் சுருங்கியிருக்கிறது, நான் புது மண்ணில் செய்திருக்கிறேன், அது அவ்வளவு சுருங்கவில்லை, நான்தானே அவருக்குச் சொன்னேன் அதே மண்ணில் செய்ய வேண்டுமென்று, சிரிப்பு வந்தது, சிரிப்பு அப்படியே அழுகையானது, போகட்டும் மாமா, விடுங்க, எனக்கு வராது என்று சொல்லிக்கொண்டே, அழுகிற குழந்தையின் கையில் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல, ஆனால் அழுதது நான், வழக்கம்போலக் காலிப்பரை அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தேன். நுழையவில்லை. சாய்த்துப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நேராக வைத்தேன், நுழையவில்லை, திருகைப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது, காலையில்கூட நுழைந்தது, இப்போது இரண்டு முனைகளும் விரல்களின் மேலே இடித்துக்கொண்டு நிற்கின்றன, என் கண்ணை நான் நம்ப மாட்டேன், அவரும் நம்ப மாட்டார், ஆனால் இது கண்ணளவு இல்லை, இது இரும்பு. விரல்கள் நெருங்கியிருந்தன, ஒரு அரிசி. அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே உட்கார்ந்திருந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை, சிரிப்பு இல்லை, பேச்சு வரவில்லை, இனி வருமா என்றும் தெரியாது, விரல்கள் மட்டும் அந்தப் புது அளவில் நின்றன, நான் திருகைத் தளர்த்தி, கால்களை மெல்ல உள்ளே வர விட்டு, மறுபடி இறுக்கினேன்.

சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அவரைச் செட்டுக்குத் தள்ளிப் போகிறேன், வாசற்படி ஏற நங்கை ஒரு கை கொடுக்கிறாள், வெயிலா இருக்குது அம்மிணி, இப்ப எதுக்கு என்கிறாள், நான் வாளிக்குள் முழங்கை வரை விட்டு அவர் எடுத்த அதே மண்ணை வாரி எடுக்கிறேன், வாளிக்குப் பின்னால் அவர் கால்கள் தெரிகின்றன, நாற்காலியின் மிதிகட்டையில், செருப்போடு, சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, தட்டுகிறேன், மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அம்மா, மறுபடி மாவாட்ட ஆரம்பிச்சுட்டீங்களா என்று கேட்கிறாள், பதில் சொல்ல வேண்டியவர் நாற்காலியில் இருக்கிறார், அவருக்காக நான், ஆமாங்க, மண் இட்லி என்கிறேன். காலிப்பர் ஓரத் தட்டில், அவர் இடது கை மார்புக்கு நேராக, முக்காலியில் நான், நடுவில் ஈர மண் என் உள்ளங்கைகளுக்குள் ஆடி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் குறைந்து, ஆடாமல் நிற்கும் ஓர் இடத்தைத் தேடி, சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது.