ஆமைக்கு ஒரு கூட்டுக்கவசம்

"கூட்டுக்கவசத்த வாங்குலேன்னு தொண்ட கிழியக் கத்துதேன். நீ கோடாலிய வாங்கிட்டு நிக்க. ஆமைக்கு எதுக்குல கோடாலி?"

"ஒரு தடவதான வாங்குனேன், மச்சான்."

"அந்த ஒரு தடவதான் நான் செத்தேன். நாளைக்குப் பத்துப் பாகம் ஆழத்துல நான் கெடக்கும்போதும் இப்பிடித்தான் மேல நின்னு கோடாலி வாங்கிட்டு இருப்பியா?"

ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. சண்டை போடவும் ஆள் இருக்கும், கேட்கவும் ஆள் இருக்கும். பூசை முடிந்து சோறு வேகும் நேரத்தில் இனிகோ போட்ட சத்தம் அடுத்த தெரு வரை போனது. குழாயடியில் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளின் குடம் நிறைந்து வழிந்து வெகு நேரமாயிற்று. அவள் எடுக்கவில்லை. குடத்தை எடுத்தால் வீட்டுக்குப் போகவேண்டி வரும்.

ஜெனோவா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கத்துகிறவன் அவளைக் கட்டப்போகிறவன். திட்டு வாங்குகிறவன் அவள் தம்பி கிளைட்டன். அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு அறிவிப்பார். அந்தத் தெருவில் இதுவரை வந்த தடையெல்லாம் பழைய காதல், பழைய குடி என்று மரியாதையான தடைகள். போன் விளையாட்டில் ஆமை தப்பான சாமான் வாங்கிற்று என்று மாப்பிள்ளையே தடை சொல்லப்போவது இதுதான் முதல் தடவை.

விளையாட்டு பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஐந்து பேருக்கு எதிரே ஐந்து பேர். ஆளுக்கொரு வீரன். அடித்தும் பிடித்தும் சேர்க்கிற தங்கத்துக்கு ஆட்டத்தின் நடுவிலேயே ஐட்டம் வாங்கிக்கொள்ளலாம். இனிகோ எப்போதும் வில்லுக்காரன். தூர நின்று எய்து எதிரியைச் சாய்த்துப் பேர் வாங்குவான். கிளைட்டன் எப்போதும் ஆமை. ஆமைதான் டேங்க். தடித்த ஓடு, தாராளமான உயிர், கையில் ஒன்றும் கிடையாது. முன்னால் போய் நின்று மற்றவர்களுக்காக அடி வாங்கவேண்டும். கூட்டுக்கவசம் என்று ஓர் ஐட்டம் உண்டு. அதை வாங்கி ஒரு கூட்டாளியின்மேல் போட்டால் இரண்டு பேருக்கும் நடுவே பொன்னிற இழை ஒன்று ஓடும். அவனுக்கு விழுகிற அடியில் பாதி ஆமைக்கு வரும். அன்றைக்கு அதை வாங்கவேண்டிய நேரத்தில்தான் கிளைட்டன் கோடாலி வாங்கினான்.

இதற்கா இவ்வளவு சத்தம் என்றால், இனிகோ சங்கு குளிக்கிறவன். குளிக்கிறவனின் கயிற்றை மேலே படகில் நின்று பிடிப்பவன் மச்சினனாக இருக்கவேண்டும் என்பது அந்தக் கரையில் முத்துக்குளித்த காலத்துச் சட்டம். அக்காள் தாலியை அறுக்க எந்தத் தம்பிக்கும் மனசு வராது என்ற கணக்கு. இப்போது கயிற்றோடு காற்றுக் குழாயும் வந்துவிட்டது. பிடிக்கிற கை மாறவில்லை. இனிகோவுக்குப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. தை மாதம் கலியாணம் முடிந்தால் குழாய் கிளைட்டன் கைக்கு வரும்.

"யோசிக்கணும், ஜெனோவா," என்று அடுக்களை வாசலில் வந்து சொன்னான் இனிகோ. "ஓலைய ஒரு வாரம் தள்ளி வாசிக்கச் சொல்லலாமான்னு பாக்கேன்."

"மீனு வறுத்துருக்கேன். தின்னுட்டு யோசிங்க."

அவன் தின்னாமல் போனான். பிச்சம்மாள் குடத்தைத் தூக்கினாள். சோறு வடிப்பதற்குள் தெருவின் வாயில் கலியாணம் நின்றது. பொழுது சாய்வதற்குள் இனிகோவுக்கு மணப்பாட்டில் வேறு பெண்ணே பார்த்தாகிவிட்டது. பெண்ணின் நிறம் வரைக்கும் தெரு பேசியது.

கிளைட்டன் துக்கத்தில் சோற்றைத் தொடவில்லை, அதாவது முதல் பத்து நிமிடம். நான்காவது மீனில் ஜெனோவா கேட்டாள்.

"ஏலே, கோடாலி எதுக்குல வாங்குன?"

"ரெண்டு வருசமா கூட்டுக்கவசந்தான் வாங்குதேன். ஒருத்தனையாவது நானா அடிச்சுப் பாக்கணும்னு ஆச. தப்பா?"

"தப்புதான். ஆமைக்குக் கை ஏது?"

"சிரிக்காத. மச்சான் ஜெயிச்ச படம் போடுதாருல்லா குரூப்புல, எடுத்துப் பாரு."

ஜெனோவா பார்த்தாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் நாளெல்லாம் கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கிற கண் அது, எதையும் தவறவிடாது. இரண்டு வருடத்துப் படங்களிலும் வில்லுக்காரன் நடுவில் கிரீடத்தோடு நின்றான். ஆமை ஓரத்தில். இனிகோ தன் முகத்தைப் பெரிதாக்கி வெட்டிப் போட்டதில் ஆமைக்கு முக்கால்வாசிப் படங்களில் ஓடு பாதிதான். சிலவற்றில் வால் மட்டும்.

புதன்கிழமை வேலை விட்டு வருகிற வழியில் எடுத்த சங்கைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். சந்துப் பக்கம் மறைத்து நிறுத்தியிருக்கலாம். வாசலில் நிறுத்தினாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. இனிகோ சங்குக் குவியல் நடுவே உட்கார்ந்து பாசி சுரண்டிக்கொண்டிருந்தான்.  

போனை நீட்டினாள். "இதுல ஆமை எங்க?"

"வெட்டுப்பட்டிருக்கும். படத்துல எடம் இல்ல."

"உங்க வில்லு நீளத்துக்கு எடம் இருக்கு."

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ஏளா, அதுல என்ன இருக்கு. ஆமைன்னா நிக்கணும், அடி வாங்கணும். அதக்கூட ஒழுங்காச் செய்யாதவன நம்பி எப்பிடித் தண்ணிக்குள்ள எறங்க?"

"அவ்வளவு சுளுவுன்னா சனிக்கிழம நீங்க ஆமைய எடுங்க. வில்லு அவன்கிட்ட இருக்கட்டும். பொறவு வந்து ஓலையத் தள்ளணும்னு சொல்லுங்க, நானே சாமியார்ட்ட வாரேன்."

இனிகோவுக்கு ரோசம் வந்தது. ரோசம் வந்தவனுக்கு ஐட்டம் வாங்கத் தெரியாது என்று ஜெனோவாவுக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் வலைக் கொட்டகையில் இனிகோவின் அணி ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். எதிரணி புன்னைக்காயல். அந்த அணியில் ஜீவமணி என்று ஒருத்தி மந்திரக்காரியாக விளையாடுவாள். தூரத்திலிருந்தே சுட்டுப் பொசுக்குவாள். ஜெனோவா சுண்டல் கொண்டுவந்த சாக்கில் இனிகோவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பிச்சம்மாளுக்கும் அன்றைக்கென்று பார்த்து வலைக் கொட்டகைப் பக்கம் ஏதோ சோலி இருந்தது.

இனிகோ கிடைத்த முதல் தங்கத்தில் இரும்புச் சட்டை வாங்கினான்.

"எதிர்ல மூணு பேரு மந்திரம் போடுதவங்க," என்றாள் ஜெனோவா. "இரும்புச் சட்டை அம்புக்கும் கத்திக்குந்தான் ஆகும்."

"நீ சுண்டலப் பாரு."

மூன்று தடவை பொசுங்கினான். பிறகு சட்டையை விற்று மந்திரத்தைத் தடுக்கிற போர்வை வாங்கினான். அதற்குள் எதிரணியின் கத்திக்காரன் வளர்ந்துவிட்டான், போர்வையோடு சேர்த்துக் கிழித்தான். வேகமாகத் தப்ப ஒரு செருப்பு வாங்கினான். வேகமாகப் போய்ச் செத்தான்.

"அண்ணாச்சி, இதோட ஒம்பது சாவு," என்றான் செந்தில்முருகன். போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், அணியில் நாலாவது ஆள். "ஆமை முந்நூறு வருசம் இருக்கும்னு எங்க வாத்தியார் சொல்லிக்குடுத்தாரு."

எதிரணி பேசுவதும் போனில் கேட்டது. "ஆரு அந்த ஆமை?" என்றது ஜீவமணியின் குரல். "நாங்க வந்து கொல்லுத வரைக்குமாவது நிக்கச் சொல்லுங்க."

கிளைட்டன் வில்லை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். பழக்கதோஷத்தில் முன்னால் போய் நிற்பதும் ஞாபகம் வந்து பின்வாங்குவதுமாக இருந்தான். கடைசியில் புதருக்குள் தனியாக மாட்டிக்கொண்டான். மூன்று பேர் அவனைச் சுற்றினார்கள். உயிர்க்கோடு சரசரவென்று இறங்கியது.

இனிகோவின் கையில் ஒரே ஓர் ஐட்டத்துக்குத்தான் தங்கம் இருந்தது. பாறைக்கேடயம் வாங்கினால் பத்தாவது தடவை சாகாமல் மானத்தோடு முடிக்கலாம். விரல் அதன் மேலேயே நின்றது. ஜெனோவா வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைத்தால் ஓலை வாசித்து என்ன பிரயோசனம்?

விரல் நகர்ந்தது. கூட்டுக்கவசம்.

பொன்னிற இழை கிளைட்டனுக்கு ஓடியது. இனிகோ அந்த மூன்று பேர் நடுவில் ஆமையைக் கொண்டுபோய்த் தள்ளினான். ஆமை செத்தது. கிளைட்டன் ஒரு நூல் உயிரோடு தப்பி, திரும்பி நின்று, ஜீவமணியை எய்து சாய்த்தான். இரண்டு வருடத்தில் அவன் தானாகச் சாய்த்த முதல் ஆள்.

ஆட்டம் தோற்றது. அது வேறு.

இனிகோ போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுண்டல் தின்றான். "ஏலே, என் உசுருக் கோட்ட ஒருவாட்டிகூட நான் பாக்கலல. ஒன்னோடதையே பாத்துட்டு இருந்திருக்கேன்."

"அதான் மச்சான் அந்த வேல," என்றான் கிளைட்டன். "வில்லு உங்களுக்கே இருக்கட்டும். ஒரே தனியாக் கெடக்கு."

"அப்ப கோடாலி?"

"கோடாலி ஒரு நாள் கூத்து."

இனிகோ ஜெனோவாவைத் திரும்பிப் பார்த்தான். "நாளைக்கு எத்தன மணிப் பூசையில வாசிக்காக?"

"ஏழு மணி. சட்டையத் தேச்சுப் போட்டுட்டு வாங்க."

ஏழு மணிப் பூசைக்குப் பிச்சம்மாளும் வந்திருந்தாள். அவள் கும்பிடுவது முத்தாரம்மனை. ஆனால் ஓலையைத் தன் காதால் கேட்காமல் அவளுக்கு அன்றைக்குக் காப்பி இறங்காது. மணப்பாட்டுப் பெண்ணைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. அவள் இருந்தால்தானே.

தையில் கலியாணம் நடந்தது. கூட்டாளிகள் வைத்த பிளெக்ஸ் போர்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டு ஓரத்தில் இருக்க, நடுவில் முழு ஆமை நின்றது. வெட்டாமல் போடவேண்டும் என்று சொன்னது இனிகோதான். பெண் புகுந்த வீடு மூன்று வாசல் தள்ளி. அதற்கும் ஜெனோவாவின் அம்மா கார் வைத்து அழுதுகொண்டே அனுப்பினாள்.

செந்தில்முருகன் கடையை மூடிவிட்டு ஷார்ஜா போனான். கிளைட்டன் மறுவருடம் புன்னைக்காயல் ஜீவமணியைக் கட்டினான். தன்னை எய்தவன் யாரென்று விசாரிக்கத் தொடங்கியவள் விசாரணையை முடிக்கவேயில்லை. வீட்டுக்கு ஒரே பெண் என்பதால் அவன் அங்கேயே போய்த் தங்கிவிட்டான். ஆனாலும் கடலுக்குப் போகிற நாளெல்லாம் விடியுமுன் பைக்கில் வந்து, இனிகோ தண்ணீரில் இறங்குமுன் குழாயைக் கையில் எடுத்துவிடுகிறான். தூக்குவாளியில் ஜீவமணி கட்டிக்கொடுப்பது இரண்டு பேருக்கான சோறு.

சனிக்கிழமைகளில் அவன் புன்னைக்காயலுக்கு ஆமை. திரேஸ்புரத்துக்கு இப்போது ஜெனோவாதான் ஆமை. கூட்டுக்கவசத்தை வாங்கு என்று இனிகோ கத்துவதில்லை. தெருவுக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.