நாலரை மணிக் கப்பல்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து இருந்தது மொத்தம் ஆறரை வருஷம்தான். கணக்குப் போட்டுச் சொன்னது அவள். அவர் சரக்குக் கப்பலில் என்ஜின் பார்த்தவர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. தெருவில் அவருக்கு என்ஜின்காரர் என்றே பெயர். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். அழுதுகொண்டே கையை நீட்டிய ஏதோ ஒரு குழந்தை வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு, டாக்டர்கள் வரை எல்லோருக்கும் அவள் ஊசியம்மா.

அந்த ஒன்பது ஒன்பது மாதங்களையும் அவள் போனை வைத்துத்தான் ஓட்டினாள். முதலில் கப்பல் கரை தொட்டால் கூப்பிடுவார். பின்னாளில் நடுக்கடலிலிருந்தே பேச வசதி வந்தது. பேச ஆரம்பித்தால் மனுஷன் நிறுத்த மாட்டார். உப்பு விஷயத்தில் சமையல்காரனுக்கும் கேப்டனுக்கும் நடந்த சண்டை, எண்ணெய் பம்புக்கு விக்கல் எடுத்த கதை, மழை கடல்மேல் நடந்து வருவதைப் பார்த்தது என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் காய் நறுக்குவாள். சிரித்துச் சிரித்து விரலை வெட்டிக்கொண்டதும் உண்டு.

"நான் கட்டிக்கிட்டது ஒரு குரலத்தான். ஆளு என் சக்களத்திகிட்ட இருக்காரு" என்பாள் லேபில். சக்களத்தி என்று அவள் சொல்வது கப்பலை.

அவர் ஓய்வுபெற்று வந்தார். சும்மா உட்காரத் தெரியாத ஆள். ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, ஆறு மாதம் வாசலில் போட்டு அதைக் குடைந்தார். மடக்குக் கட்டில், ரெண்டு அடுப்பு, குழாய் வைத்த தொட்டி. எந்த இழுப்பறையானாலும் கொக்கியை விடுவித்தால்தான் திறக்கும். தம்ளர் வைக்க வட்ட ஓட்டை, கரண்டி மாட்ட ஆணி. "வண்டி ஆடுனா எதுவும் விழாது" என்றார். அவள் பழைய போர்வையைக் கிழித்து ஜன்னல் திரை தைத்தாள். கடலோர ரோடு எங்கே முடிகிறதோ அதுவரை போய் வருவது என்று ஏற்பாடு. அவளுக்கு ஒரு மாதம் லீவு சேர்ந்திருந்தது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள்: "ஒரு மாசம் அந்த டப்பாக்குள்ள ரெண்டு பேருமா? அடிச்சுக்காம வாங்கம்மா."

அதைத்தான் பதினோராம் நாள் காலையில் ஊசியம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அடித்துக்கொள்வதற்காவது பேச வேண்டுமே.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்திருந்தது. வண்டி கிளம்பியதோடு நின்றேபோயிற்று. "அந்தப் பக்கம் லாரி வருதா பாரு." "தண்ணி ரொப்பிக்கலாமா?" இவ்வளவுதான். வெளியே தென்னை தென்னையாய் ஓடியது. உப்பங்கழிப் பாலங்கள், சவுக்குத் தோப்பு, திடீரென்று வலப்பக்கம் முழுக்கக் கடல். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கைக் கடலைப் பார்க்கத்தான் நிறுத்துவார். தூரத்தில் ஒரு கப்பல் ஊர்ந்தால் அது மறையும்வரை டீ ஆறும். அவள் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் போன் குரலுக்கு ஏங்கினாள். யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் ஊரில் இல்லாதபோது ஏங்கினால் அர்த்தம் உண்டு. தொடை உரச உட்கார்ந்திருப்பவனுக்காக ஏங்குவதை என்னவென்று சொல்வது?

அன்று காலை அவரிடம் ஒரு பரபரப்பு இருந்தது. பல் தேய்க்கும்போதே "கிளம்பலாமா, கிளம்பலாமா" என்றார். நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்தார். பதினொன்றரை மணிக்கு, ஆளரவமற்ற ஒரு வளைவில், முன்பக்கம் சாட்டை அடித்ததுபோல் ஒரு சத்தம். வெப்பம் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. அவர் வண்டியை மணலோரம் ஒதுக்கி நிறுத்தினார்.

ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. மாற்று பெல்ட் ஒன்று எடுத்து வந்திருந்தார். போட்டுப் பார்த்தால் ரெண்டு விரற்கடை நீளம் கூடுதல். வீட்டளவு என்ஜினையெல்லாம் கட்டி மேய்த்தவர், ஒரு ரொட்டி வண்டிக்குச் சரியான பெல்ட் எடுக்கத் தவறிவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

"வளைவுல நிக்குது, வண்டிய விட்டுட்டு நான் வர முடியாது" என்றார். "பதினெட்டு கிலோமீட்டர்ல ஒரு ஊர் இருக்கு. நீ போய் வாங்கிட்டு வர்றியா?"

அறுந்த பெல்ட்டைத் தாளில் சுற்றி அளவுக்குக் கொடுத்தார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில் அவள் ஏறினாள்.

உதிரிபாகக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "சாப்பிடப் போயிருக்காரும்மா. ரெண்டரைக்குத்தான் வருவாரு" என்று பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்த உடனே போன் அடித்தது.

"கிடைச்சுதா?"

"கடைக்காரர் இல்லீங்க. ரெண்டரை ஆகுமாம்."

"ரெண்டரையா..." பெருமூச்சு கேட்டது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். "ஏம்மா, இங்க ஒரு கூத்து கேளு. செருப்பக் கழட்டி வெச்சிட்டு வண்டிக்கு அடியில படுத்திருந்தேனா, எந்திரிச்சுப் பாத்தா ஒரு நண்டு அதுக்குள்ள குடித்தனம் வந்திருச்சு. வெரட்டுனா எனக்கே கொடுக்கத் தூக்கிக் காட்டுது. வாடகைப் பத்திரம் வெச்சிருக்கும் போல."

ஊசியம்மா சிரித்தாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண் நனைந்திருந்தது. அதே குரல். பதினோரு நாளாய்ப் பக்கத்து சீட்டில் தேடிக் கிடைக்காத குரல், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி வந்ததும் தானாக வந்து காதில் உட்கார்ந்துவிட்டது.

"என்னங்க," என்றாள், அந்தத் தைரியத்தில், "இன்னைக்கு உங்களுக்கு என்ன அப்படி அவசரம்?"

கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "நம்ம கப்பல் இன்னைக்குக் கிளம்புது. முன்னாடி இருக்குற துறைமுகத்துலேருந்து. நாலரைக்கு. கடைசிப் பதினெட்டு வருஷம் அதுலதானே இருந்தேன். ஒருதரம் பாத்துறலாம்னு..."

"இத எங்கிட்ட சொல்ல என்ன?"

"அது மட்டுமில்லம்மா. நாம கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க. ஆள் பத்தல, இந்த ஒரு ட்ரிப் வர்றீங்களான்னு கேட்டாங்க. எட்டு மாசம்."

அவள் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"ஒருநாள் மத்தியானம் நீ லேப்லேருந்து வந்தே. நான் சமையக்கட்டு வாசல்லதான் நிக்குறேன். நீ ஒரு தட்டு எடுத்தே, போட்டுக்கிட்டே, நின்னுகிட்டே பாதி சாப்பிட்டே. அப்புறம்தான் என்னப் பாத்து பதறிப்போயி இன்னொரு தட்டத் தேடுனே. ஞாபகமிருக்கா? நான் வீட்டுல இருக்கேன்னு உன் கைக்குத் தெரியல. உம்மேல தப்பில்ல. நான்தான் பழக்கிட்டேன். இன்னும் எட்டு மாசம் போனா, அப்புறம் அந்தக் கைக்கு என்னைக்குமே தெரியாதுன்னு பட்டுச்சு."

டீக்கடைக்காரர் தம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, அடுப்புப் பக்கம் போனார்.

"வேணாம்னு சொன்னதுலேருந்து எனக்குப் பேச்சே வரலம்மா. நான் வருத்தப்படுறது தெரிஞ்சா, உனக்காக இருந்துட்டு இப்ப மூஞ்சியத் தூக்கிவெச்சிருக்கான்னு நெனப்பே. உம் மூஞ்சியப் பாத்தா வார்த்த தொண்டையிலயே நின்னுக்குது. போன்லதானே உங்கூட குடும்பம் நடத்தியிருக்கேன்? நேர்ல எப்படின்னு யாரும் சொல்லித்தரல."

அவளுக்கு எத்தனையோ சொல்லத் தோன்றியது. "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "உங்க பக்கத்துல ஒக்காந்துகிட்டு, உங்க போன் வராதான்னு கெடந்தேன். வெக்கக்கேடு."

"நீயும்தான் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. முன்னெல்லாம் பக்கத்து வீட்டு மரத்துல எந்தக் கிளைய வெட்டுனாங்கன்னு வரைக்கும் சொல்லுவே."

"நீங்கதான் வீட்டுலயே இருக்கீங்களே, பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்க, கடைக்காரர் ஏப்பம் விட்டபடி ஷட்டரைத் தூக்கினார். மணி இரண்டேகால்.

பெல்ட் இருந்தது. பஸ்தான் இல்லை, அடுத்தது மூணரைக்காம். எதிரே மீன் ஐஸ் லாரி ஒன்று கிளம்பத் தயாராய் உறுமிக்கொண்டிருந்தது. ஊசியம்மா வாழ்க்கையில் செய்யாத காரியமாக அதன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"என்னம்மா அவசரம், ஆஸ்பத்திரியா?" என்றார் நரைமீசை டிரைவர்.

"இல்லண்ணே. என் சக்களத்தி நாலரைக்கு ஊருக்குக் கிளம்புறா. எங்க வீட்டுக்காரர் பாக்கணுமாம்."

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார். வழியெல்லாம் ஒன்றுமே கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், "ரொம்பப் பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார்.

அவர் கேட்காமலே அவள் சரியான ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுக்க, அவர் பெல்ட்டை மாட்டினார். நேருக்கு நேர் வந்ததும் பழையபடி ரெண்டு பேருக்கும் வாய் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்க் கையைத் துடைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூணரை.

"இன்னும் அறுபது கிலோமீட்டர். இந்த ரோட்டுல ஆகாது. விடு."

"துறைமுகத்துக்கு எதுக்குப் போகணும்?" என்றாள் அவள். "கிளம்பி ஒரு மணி நேரத்துல கலங்கரை விளக்கு முனையச் சுத்தித்தானே போவும்? அது இங்கேருந்து பாதி வழிதானே. அதத் தாண்டுனா அப்புறம் கரையே தெரியாது, அதனால மேல்தட்டுல ஏறி நின்னு பாத்துக்குவேன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

அவர் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "அது எப்பச் சொன்னது? மக மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப."

"சொன்னதுதானே. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

நாலரைக்கெல்லாம் முனையில் இருந்தார்கள். வெள்ளை அடித்து உப்புக் காற்றில் உரிந்துபோன விளக்குக் கோபுரம், கீழே கறுத்த பாறைகள், புதர் புதராய்த் தாழை. அவள் அடுப்பு மூட்டவில்லை, அவர் உட்காரவில்லை. ஐந்தரைக்குச் சற்று முன்னால் பாறைத் திருப்பத்தில் முதலில் ஒரு கொடிமரம் தெரிந்தது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், முழுக் கப்பலும் வந்தது. நீலத்தில் துரு ஒழுகிய உடம்பு, வயிறு நிறைய சரக்கு ஏறித் தாழ்ந்திருந்தது. இத்தனை வருஷம் தான் பொறாமைப்பட்டது இந்தக் கிழவியைப் பார்த்துத்தானா என்று ஊசியம்மாவுக்குத் தோன்றியது.

அவர் கையைத் தூக்கினார், ஆட்டவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது. "இப்ப வேகம் கூட்டுவான்" என்றார் வாய்க்குள். சொன்னபடியே புகைபோக்கியில் ஒரு கறுப்பு மூச்சு வந்தது. அவர் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

இப்படி ஒரு பார்வையை இந்த மனுஷன் தன்மேல் வைத்ததே இல்லையே என்று அவளுக்கு வலித்தது. கொஞ்ச நேரம் அந்த வலியோடு நின்றாள். அப்புறம்தான் உறைத்தது. வைத்திருக்கிறார். இதே முனையைத் தாண்டும்போதெல்லாம், அந்த மேல்தட்டில் ஏறி நின்று, இதே கண்ணோடு கரையைப் பார்த்திருக்கிறார். அப்போது அவள் எங்கோ ஒரு லேபில் யாருடைய கையிலோ நரம்பு தேடிக்கொண்டிருந்திருப்பாள். பார்த்தது அவருக்குத் தெரியும். பார்க்கப்பட்டது அவளுக்குத் தெரியாது.

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். தூக்கியிருந்த கையைப் பிடித்து இறக்கி, தன் கையில் வைத்துக்கொண்டாள். கப்பல் ஒரு பெட்டியாகி, கோடாகி, அப்புறம் அங்கே வெறும் வெயில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பேச்சுக்காரர் ஆகிவிட்டார் என்று சொன்னால் பொய். மறுநாள் காலையும் "தண்ணி ரொப்பிக்கலாமா" என்றுதான் ஆரம்பித்தது. ஆனால் அன்று மத்தியானம் ஒரு நீண்ட மணல்கரையில் வண்டி நின்றபோது, ஊசியம்மா ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். நல்ல தூரம் போய், ஒரு கவிழ்த்த படகின் நிழலில் நின்று போன் போட்டாள்.

"என்னம்மா?" என்றார் அவர், பதறி.

"சும்மாதான். என்ன நடக்குது அங்க?"

ஒரு நிமிஷம் யோசனை. பிறகு அவருக்குப் புரிந்து, கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நேற்றுப் போன கப்பலில் இப்போது யார் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள், மூன்றாம் சிலிண்டரை எப்படித் தாஜா செய்ய வேண்டும், அது தெரியாத புதுப் பையன் என்ன பாடு படுவான்.

அவள் படகில் சாய்ந்து அவரைப் பார்த்தாள். வேன் கதவில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பேசப் பேச அவருடைய இடது கை காற்றில் எழுந்து, ஏதோ ஒரு சக்கரத்தைச் சுற்றியது, ஒரு நெம்புகோலைத் தள்ளியது, அலையைக் காட்டியது, தொடையில் தட்டியது. தலை ஆடியது. இதை எந்தப் போனும் அவளுக்குக் காட்டியதில்லை. இருபத்தாறு வருஷமாய் அந்தக் கை இப்படித்தான் ஆடியிருக்கும், ஏதோ ஒரு இரும்பறையில், யாரும் பார்க்காமல்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் திரும்ப நடக்க ஆரம்பித்தாள். குறுக்கே பேசவில்லை. "ம்" மட்டும் கொட்டினாள். அவர் கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கை ஆடிக்கொண்டே இருந்தது. எங்கே தன்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, மணலில் சத்தம் வராமல், அவள் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தாள்.