வருசம் திரும்புவதற்குள்

ஐப்பசி மழை விட்ட பிறகு வத்திராயிருப்பில் இருக்கும் என் மாமனார் கண்ணுச்சாமியின் தோப்புக்குப் போனேன். கிணற்றோரத் தென்னையின் அடியில் செம்பழுப்பாகச் சாறு வடிந்திருந்தது. கீழ்மட்டைகள் மஞ்சளாகித் தொங்கின. தூரில் ஒரு காளான். கத்தியால் பட்டையைச் சீவினேன். உள்ளே அழுகல்.

"அடித்தண்டழுகல், மாமா. இது பிழைக்காது. வெட்டி, வேரோட தோண்டி எரிச்சிருவோம். சுத்தி ஆழமாக் குழி எடுத்தா மத்த மரத்தைக் காப்பாத்தலாம்."

நான் வேளாண்மை படித்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உரக்கடையில், ஆட்கள் கொண்டுவரும் இலையைப் பார்த்து நோய் சொல்வதுதான் வேலை.

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "மாரிக்கனி போயி மூணு மாசந்தான் ஆச்சு. துட்டி விழுந்த வீட்டுல வருசம் திரும்புறதுக்குள்ள காய்க்கிற மரத்துல கோடாலி படலாமா?"

"அதுவரைக்கும் நோய் நிக்காது மாமா. வேர் வழியாப் போகும். நீங்க பாய்ச்சுற தண்ணியோடயும் போகும்."

"தண்ணிக்கும் தீட்டா? நல்லாப் படிச்சிருக்க."

தேங்காய் வெட்ட வந்திருந்த ஆண்டிச்சாமி சிரித்தார். மாமனாருக்கு அது போதுமாயிருந்தது.

"எம் மக அஞ்சு நாளு காய்ச்சல்ல கெடந்தா. மாத்திரை போட்டாச் சரியாயிரும்னு சொன்ன ஆளுதான நீ? இப்ப மரத்துக்கு நோய் சொல்ல வந்துட்ட."

டெங்கு என்று ஆறாம் நாள்தான் தெரிந்தது. மறுநாள் என் மனைவி இல்லை.

மரத்தைப் பற்றி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகட்டும் என்று இருந்தது. கத்தியைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆடியில் வருசத் திவசம் முடிந்தது. சாப்பிட்ட இலை எடுத்ததும் அவரே கூப்பிட்டார். "வந்து பாரு."

மரத்துக்கு மரம் குனிந்து பார்த்தேன். சாறு வடிந்த மரத்திலெல்லாம் வெட்டுவதற்குச் சுண்ணாம்பால் குறி வைத்தேன். பதினோரு மரம். ஆண்டிச்சாமி மிஷின் வாளோடு பின்னால் வந்தார். முதல் மரம் கிணற்றடியில் விழுந்தது.

மாமனார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்கே இதை வெட்டியிருந்தா மத்தது தப்பிச்சிருக்குமா, மாப்ள?"

அவள் இறந்த பிறகு அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

உண்மையில் அது யாருக்கும் தெரியாது. ஐப்பசியிலேயே மண்ணுக்குள் எத்தனை வேரில் ஏறியிருந்ததோ. கடைக்கு வரும் யார் கேட்டிருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஒண்ணோட போயிருக்கும், மாமா" என்றேன். "பத்தும் நின்னுருக்கும்."

அவர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். ஆண்டிச்சாமி வாளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த மரத்துக்குப் போங்க" என்றேன்.