மோட்டாருக்குப் போன் செய்தவர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக்கரைக் கிராமங்களுக்குத் தொலைபேசி வந்த வரலாற்றை ஒரு பத்திரிகையில் கட்டுரையாகக் கேட்டிருந்தார்கள். 'எங்கள் ஊரின் முதல் போன் அரிசி மில்லில் ஒலித்தபோது...' (யார் படிப்பார்கள்? விட்டுவிட்டேன்.) மில் போன், எஸ்டிடி பூத், வீட்டு லைன், செல்போன் டவர் என்று குறிப்பெடுக்கத்தான் கரையோரம் குடியிருக்கும் பிரேமலதா வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னது வேறு.

2

போன ஆடியில் ஒரு மத்தியானம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதாக ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிப் போனார்கள். அவர் கணவர் நவநீதன் ஆற்றுப்படுகையில், வாழைக்கு நடுவே. போன் ஸ்விட்ச் ஆஃப். பிரேமலதா கரைக்கு ஓடினார். படுகைக்கு இறங்கும் பாதையில் முழங்கால் தண்ணீர், காலை இழுத்தது.

'அவர் கை நடுங்கியது' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"கை நடுங்கலங்க. வாய் ஒலந்துபோச்சு. கூப்பிடச் சத்தமே வரல" என்றார்.

3

அப்போதுதான் வாழைக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நினைவுக்கு வந்தது. (இப்போது மோட்டாருக்கும் சிம் உண்டு, வீட்டிலிருந்தே போன் செய்து ஓடவிடலாம், நிறுத்தலாம்.) எண்ணை அழுத்தினார்.

"மோட்டார் இயங்குகிறது" என்றது பதிவுக் குரல்.

நிறுத்தினார். ஓடவிட்டார். மறுபடி நிறுத்தினார். இந்தக் கிறுக்குத்தனம் கணவர் காதில் விழாதா? கடைசியாக ஓடவிட்டுக் காத்திருந்தபோது அதுவாகவே அழைப்பு வந்தது.

"மோட்டார் நிறுத்தப்பட்டது."

பிரேமலதா நிறுத்தவில்லை. அங்கே நிறுத்தியது கணவரின் கையா, உள்ளே புகுந்த தண்ணீரா?

4

நான் வைத்த முதல் முடிவு: தண்ணீர். எழுதியும்விட்டேன். 'மறுநாள் மதகருகே ஒதுங்கிய உடல்...'

நடந்தது: வெட்டிய வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் நவநீதன் கரையேறினார். வந்ததும் கத்தினார்.

"ஏண்டி, மோட்டார் என்ன வெளயாட்டுச் சாமானா? உள்ள காயில் கருகிப் போயிடாது?"

கோளாறு என்று நினைத்து மேட்டிலிருக்கும் மோட்டார் ஷெட்டுக்கு ஏறி, கையால் நிறுத்தியிருக்கிறார். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் வாழைக்குள் தண்ணீர் நுழைவது தெரிந்ததாம். அவர் ஈரச்சட்டையைப் பிடித்த பிரேமலதா, வீடுவரை விடவில்லை.

5

என் முதல் முடிவை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"அதை அழிச்சிடுங்க. அவரு நாளைக்கும் அங்கதான் போவணும்."

அழித்துவிட்டேன். ஆனால் எழுதிய கைக்கு மறக்கவில்லை. இன்று மேற்கே வானம் கறுத்திருக்கிறது. நவநீதன் படுகைக்குப் போய்விட்டார். அடுத்த வரி என்னால் ஆகாது. எழுதுவதானால், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரித்துவிட்டு நீங்கள் எழுதுங்கள்.