வால் வெட்டிய ஏழு கெண்டைகள்

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊருணி. என் வீட்டுக்காரர் மூன்று வருஷத்தை அதில்தான் கரைத்தார். மீன்துறையில் ஆராய்ச்சி வேலை. என்ன தீனி போட்டால் மீன் வளரும், என்ன செய்தால் நோய் அண்டாது என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தால் "கஷாயம் வச்சுக் குடி" என்பதோடு சரி. மீனுக்குச் செதில் ஓரம் சிவந்தால் மட்டும் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

கடலைப் புண்ணாக்கை இடித்து, தவிட்டோடு பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தது நான்தான். என்ன கழுவினாலும் கையை விட்டு நாற்றம் போகாது. வாய் நிறையத் திட்டிக்கொண்டேதான் பிசைவேன். ஆனால் இரண்டாம் வருஷம் புண்நோய் வந்து கெண்டைகள் செத்து மிதந்தபோது, அவர் கரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்குப் பிறகு நான் திட்டவில்லை.

நோய் கண்டும் சாகாமல் தேறி வளர்ந்தவை ஏழே ஏழு.

"பிரகதம், இதுக குஞ்சு பொரிச்சா அந்தக் குஞ்சுகளுக்கும் நோயைத் தாங்குற தெம்பு இருக்கும். வர்ற மழைக்குத் தெரிஞ்சிரும்" என்றார்.

அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் வாலிலும் மேல்நுனியைக் கத்தரியால் வெட்டினார். ஈரத்துணியில் மீனைப் பிடித்துக்கொண்டவள் நான். ஊருணிக்கு நடுவே மூங்கில் தட்டி அடைத்து, ஏழையும் ஒரு பக்கம் விட்டார். மறுபக்கம், புண்ணோடு வளராமல் நின்றுபோன சின்ன மீன்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க அவையும் வேண்டுமாம்.

பஞ்சாயத்து பிரசிடெண்டு சோலையப்பனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கோடையில் தண்ணீர் வற்றியதும் அவர் கரையில் நின்று துண்டை வீசுவார். ஊரே இறங்கி மீன் பிடிக்கும். எங்களுக்காக மூன்று கோடையும் அவர் துண்டை வீசவில்லை. ஊர் வாயில் விழுந்ததுதான் மிச்சம்.

ஆராய்ச்சியை நீட்டிப்பதா, இழுத்து மூடுவதா என்று முடிவு செய்ய மெட்ராஸிலிருந்து பெரிய ஆபீசர் வந்தார். வந்தவருக்குப் பசி. மீன் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் சாப்பிடுவோம் என்றார். பிரசிடெண்டு வீட்டில் விருந்து. அவர் மனைவி கண்ணாத்தாள் வறுத்துக் கொடுத்த மீனை நான் பரிமாறினேன்.

தலைத்துண்டை ஆபீசருக்கு வைத்தேன். வால்துண்டை என் வீட்டுக்காரர் இலையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தபோதுதான் பார்த்தேன். மேல்நுனி இல்லை. அவரும் பார்த்துவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனேன்.

அடுப்படி வாசலில் சோலையப்பன் நின்றார்.

"எங்க பிடிச்ச மீனுங்க?" என்றேன்.

"நம்ம ஊருணிலதாங்கம்மா. பெருசுக ஏழுந்தேன். சாரு வளத்து முடிச்சிட்டாருல்ல. ஆபீசருக்கு அயிரைய வச்சா ஊருக்கு மருவாதியா? சின்னதுகளத் தொடலைங்க. சார் ஆராய்ச்சிக்கு அங்கிட்டுப் பத்திரமா இருக்கு" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அந்தத் துண்டைப் பிட்டு வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தார். பக்கத்து இலையில் ஆபீசர் இருந்தார். வேறென்ன செய்வார்?

ஊருணிக் கரையில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். ஆபீசர் புண் பிடித்த சின்ன மீன்களைப் பார்த்து முகம் சுளித்து, "மூணு வருஷத் தீனிக்கு இதானா மிஸ்டர் மலையாண்டி?" என்று கேட்டிருக்கிறார். இவர் மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஆபீசர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாராம்.

"ஆராய்ச்சி மீனை நான் தின்னேன்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்றீங்களா? அதுகளும் நோயில செத்துப்போச்சுன்னே எழுதிடுறேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

நோயை ஜெயித்த மீன்களை நோயே கொன்றதாக எழுதி, ஆராய்ச்சியை மூடினார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிரசிடெண்டிடம் போய் நாலு வார்த்தை கேட்கக் கிளம்பினேன். "வேண்டாம். நமக்காக ஊர்கிட்டத் திட்டு வாங்கின மனுஷன். தெரிஞ்சா நொந்து போயிருவார்" என்று தடுத்துவிட்டார்.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று எங்கள் டிரங்குப் பெட்டியைச் சோலையப்பனே பஸ்ஸில் ஏற்றினார். இறங்காமல் தயங்கி நின்றார்.

"ஏன் சார் நிறுத்திப்புட்டாக? அன்னைக்கு விருந்துல ஏதும் கொறை வச்சுப்புட்டோமா?"

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையை அழுத்திப் பிடித்தார்.

"ஒரு குறையும் இல்லீங்க. ஆபீசர் முள்ளு மட்டுந்தான் மிச்சம் வச்சார்."