காலணியுடன் அளக்கவும்

பதினான்கு வருஷம் கழித்து அதே பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் அதே விடுதியில் தங்கப் போகிறோம் என்று மகள் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன்?" இரண்டாவது கேள்வியும் அதுதான். அவள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி சுவரைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்கள் இந்த வழியாகத்தான் போய் வருகின்றன. என் வழியாக வருவதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன். மகளுக்கு வேலை கிடைத்தது எனக்கு மூன்றாம் நாள் தெரிந்தது. அவள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டது, என் ஸ்கூட்டரில் கீறல் விழுந்த பிறகு தெரிந்தது. கடைவாய்ப் பல் பிடுங்கியது, கன்னத்து வீக்கம் வற்றிய பிறகு தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றால், "அப்பாகிட்ட சொன்னா அளக்க ஆரம்பிச்சிடுவாரு" என்பாளாம். இதையும் மனைவிதான் சொன்னாள்.

நான் அளப்பவன்தான், மறுக்கவில்லை. எடையளவுத் துறையில் இருபத்தெட்டு வருஷம் ஆய்வாளர். மளிகைக்கடைத் தராசு, துணிக்கடை மீட்டர் கோல், பெட்ரோல் பங்க் மீட்டர் எல்லாவற்றுக்கும் முத்திரை வைப்பது இந்தக் கை. நான் சந்தைக்குள் நுழைந்தால் காய்கறிக்காரர் இன்னொரு தக்காளியை எடுத்துத் தட்டில் போடுவார், எனக்கு முன்னால் நிற்கிறவருக்கு. பேன்ட் பையில் எப்போதும் ஐந்து மீட்டர் எஃகு டேப் ஒன்று இருக்கும். அதற்கும் முத்திரை உண்டு.

கிளம்புகிற அன்று காலையில், பெட்டியின் மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டே மனைவி விஷயத்துக்கு வந்தாள்.

"அவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கா. நேர்ல, அவளே சொல்லணுமாம். அதுக்குத்தான் இந்தப் பயணம்."

"வீட்லயே சொல்லலாமே. இங்கயும் நாற்காலி இருக்கு."

"பாத்தீங்களா, இதான் வேணாங்கறது. இந்தத் தடவையும் அங்க போய் ஏடாகூடமா ஏதாவது பண்ணீங்கன்னா, அவ ஜென்மத்துக்கும் உங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டா. நானும் சொல்ல மாட்டேன், ஆமா. அந்த டேப்பை மேஜை மேல வெச்சுட்டு வாங்க."

டேப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் வெளியே போனால் எனக்குச் சட்டை போடாமல் போவது மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பெண். அவள் வாயால் ஒரு செய்தியையாவது, வீக்கம் வற்றுவதற்கு முன்னால், நான் கேட்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

பழைய இடத்துக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குச் சில பாடங்கள் உண்டு. முதல் பாடம் வாசலிலேயே கிடைத்தது. "முன்ன எவ்ளோ பெரிய வாசலா இருந்துச்சு! சின்னதாக்கிட்டாங்க" என்றாள் மனைவி. சென்ற முறை நான் எழுதி வைத்த குறிப்பேடு கையோடு இருந்தது. அவர்கள் பெட்டியை இறக்குகிற நேரத்தில் அளந்து பார்த்தேன். நான்கு மீட்டர் இருபது. அன்றைக்கும் அதே நான்கு மீட்டர் இருபது. வாசல்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று இருவரிடமும் சொன்னேன்.

"டேப் கொண்டு வந்திருக்கீங்க" என்றாள் மகள். அது கேள்வி இல்லை.

அறை இரண்டாவது பாடம். வரவேற்பு மேஜையில் பழைய பதிவேட்டைப் பார்த்து எங்களைப் 'பெற்றோர் இருவர், குழந்தை ஒன்று' என்று எழுதியிருந்தார்கள். அதனால் மகளுக்கு முயல் படம் போட்ட அடுக்குக் கட்டில் கிடைத்தது. இருபத்து மூன்று வயது, நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். கட்டிலின் நீளம் நூற்று அறுபதைத் தாண்டாது என்று எனக்குக் கண்ணாலேயே தெரிந்தது. சொல்லவில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கூடம் எட்டு மணிக்குத் திறக்கும் என்று பலகையில் எழுதிவிட்டு எட்டு பதினொன்றுக்குத் திறந்தார்கள். அதையும் சொல்லவில்லை. ரொட்டி வாட்டும் இயந்திரம் ஒரு பக்கத்தை மட்டும் வாட்டியது. வாயே திறக்கவில்லை. இதையெல்லாம் யாராவது கவனித்தார்களா என்றால், இல்லை. சும்மா இருப்பதில் உள்ள கஷ்டம் இதுதான். அது வெளியே தெரிவதே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் மகள் சொன்னாள். "அப்பா, முதல்ல பருந்துல போலாம்."

மனைவி டீயை மடக்கென்று விழுங்கினாள். பருந்து என்பது அந்தப் பூங்காவின் பெரிய ராட்டினம். தண்டவாளத்தில் ஏறி, கவிழ்ந்து, சுழன்று வரும் வண்டி. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் மனைவி சொல்லுவாள், அவள் சொல்வதில் என் பக்கத்து நியாயம் இருக்காது.

அப்போது மகளுக்கு ஒன்பது வயது. பருந்தில் ஏற நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். வாசலில் நின்ற ஊழியர் அவளைப் பலகையோடு நிறுத்திப் பார்த்து, "போலாம்" என்றார். ஐம்பது நிமிஷம் வரிசையில் நின்றோம். அவள் ஐம்பது நிமிஷமும் பேசிக்கொண்டே வந்தாள். மேடைக்கு ஏறிய பிறகுதான் அவள் ஷூ என் கண்ணில் பட்டது. தடித்த அடி. எங்கள் துறையில் சாக்கோடு சேர்த்துச் சர்க்கரையை நிறுத்தால் அது குற்றம். சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். ஷூவைக் கழற்றச் சொன்னேன். தூணோடு நிறுத்தி டேப்பைப் பிடித்தேன். நூற்று இருபத்தெட்டரை. ஊழியரைக் கூப்பிட்டு, "இந்தக் குழந்தைக்கு உயரம் பத்தாது" என்று நானே சொன்னேன்.

பின்னால் நின்ற ஜனங்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் அழவில்லை. கீழே உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டு, நாடாவைத் தானே கட்டிக்கொண்டு, படியில் இறங்கினாள். அன்று மாலை மனைவி என்னிடம் பேசவில்லை. மகள் பேசினாள், ஆனால் கேட்டதற்குப் பதில் மட்டும். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

நான் செய்தது சரி என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். பாதுகாப்பு விஷயம். ஒன்றரை சென்டிமீட்டர் என்பது விளையாட்டு இல்லை.

பருந்தின் வாசலுக்கு வந்தோம். மனைவிக்குத் தலை சுற்றும் என்பதால் அவள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, மூவருக்கும் தண்ணீர் வாங்கப் போனாள். நான் உயரப் பலகைக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். கழுத்தில் விசில் தொங்கும் ஒரு அம்மாள் குழந்தைகளை அளந்துகொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் முறையாகச் செருப்பைக் கழற்றினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

"கழட்டாத பாப்பா. போட்டுக்கிட்டே நில்லு" என்றார் விசில் அம்மாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "செருப்போட அளந்தா அளவு தப்பா வருமேம்மா" என்றேன்.

"இல்ல சார், செருப்போடதான் அளக்கணும். வண்டியில செருப்போடதானே உக்காருறாங்க? உள்ள அழுத்தற கம்பியச் செஞ்சவங்களே செருப்பு உயரத்தைக் கழிச்சுத்தான் நூத்தி முப்பதுன்னு வெச்சிருக்காங்க."

"இது புது விதியா?"

"ஆரம்பத்துலேர்ந்தே இதான். போர்டுலயே இருக்கே."

இருந்தது. பலகையின் அடியில், வெயிலில் வெளுத்த பெயின்ட்டில், 'காலணியுடன் அளக்கவும்.' பதினான்கு வருஷத்துக்குக் குறையாத பெயின்ட் அது. எண்ணைப் படித்த எனக்கு எழுத்தைப் படிக்கத் தோன்றவில்லை. ஏற்கெனவே கழித்ததை நான் மறுபடி கழித்திருக்கிறேன். இதே தவறுக்காக ஒரு மாவு மில்காரருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். அவர் என்னிடம் எவ்வளவோ கெஞ்சினார்.

"யாராவது... கழட்டிட்டு அளந்திருக்காங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

விசில் அம்மாளின் முகம் மலர்ந்தது. "அதையேன் கேக்கறீங்க! நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பயிற்சியிலயே சொல்லிக் குடுத்தாங்க. 'டேப் அப்பா'ன்னு பேரு. ஒரு மனுஷன், பொண்ணை மேடை வரைக்கும் கூட்டிட்டுப் போயி, ஷூவக் கழட்டி, சொந்த டேப்பால அளந்து, ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டாராம். பெத்தவங்க வேணாம்னா நாங்க ஏத்தக் கூடாது சார், அது விதி. அந்த மாதிரி அப்பா வந்தா வாக்குவாதம் பண்ணாதீங்க, வராத வரைக்கும் சந்தோஷப்படுங்கன்னு சொல்வாங்க."

"ஓ" என்றேன்.

"அந்தாள விடுங்க. அந்தப் பொண்ணத்தான் நாங்க நெனச்சுக்குவோம். எங்க இருக்கோ."

அது தண்ணீர்ப் பாட்டில்களோடு வந்துகொண்டிருந்தது.

வரிசையில் போய் நின்றோம். நாற்பது நிமிஷம் ஆகும் என்று பலகை சொன்னது. ஆயிரக்கணக்கான பேருக்கு அவரவர் தவறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் தவறை யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நோட்டீஸ் எழுதுகிற மாதிரியே ஆரம்பித்தேன்.

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி உன்னை அளந்தேனே. அந்த அளவு தப்பு. ஷூவோட அளக்கணுமாம். நீ நூத்தி முப்பத்தொண்ணு இருந்த. ஏறியிருக்கலாம்."

அவள் முன்னால் நகர்ந்த வரிசையோடு இரண்டடி நகர்ந்தாள்.

"தெரியும்பா."

"யார் சொன்னா?"

"போர்டுல இருந்துச்சே. அன்னைக்கே படிச்சேன். மூணாங்கிளாஸ்ல எனக்கு வாசிக்கத் தெரியும்ல."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்க டேப்பை எடுத்துட்டீங்களே" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "டேப்பை எடுத்துட்டா நீங்க யார் சொல்றதையும் கேக்க மாட்டீங்க. அதான் அப்புறம் எதையும் சொல்லல."

எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லலாம், ஆனால் அங்கே கூரை போட்டிருந்தார்கள். "தப்பு என்னோடதுதான்மா" என்றேன். சொல்லி முடித்த பிறகும் கூரை அப்படியேதான் இருந்தது.

இன்னும் ஒரு திருப்பம் நகர்ந்தோம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தபடி பேசினாள்.

"ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். பல் டாக்டர். என் பல்லைப் பிடுங்கினவர்தான். அப்புறம், நீங்களா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். என்னைவிட நாலு சென்டிமீட்டர் குட்டை."

என் கை பேன்ட் பைக்குப் போனது. மறைக்க விரும்பவில்லை, போனது. மண்டைக்குள் நூற்று அறுபத்து நான்கு என்று ஓடிவிட்டது. காலணியோடா, இல்லாமலா என்பதும் தொண்டை வரை வந்தது. அவள் இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைக்கு ஏறிய அன்றைக்கு, நான் டேப்பை நீட்டியபோது, இப்படித்தான் பார்த்தாள்.

"வலிக்காம பிடுங்கினாரா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"பல்லை."

"வலிக்கலப்பா. பேசிக்கிட்டே இருந்தாரு, எப்ப பிடுங்கினாருன்னே தெரியல."

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வா. அவர் வர்றப்போ நான் எந்திரிச்சு உயரம் பாக்கல. உக்காந்தே இருக்கேன்."

அவள் சிரித்தாள். கேட்டதற்குப் பதில் மட்டும் என்கிற வகைச் சிரிப்பு இல்லை அது. ஒன்பது வயதில் ஐம்பது நிமிஷம் பேசிக்கொண்டே வந்தாளே, அந்த வகை. அதற்கப்புறம் மேடை வரைக்கும் அந்தப் பல் டாக்டரைப் பற்றி ஒரேயடியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவருக்கு நீச்சல் தெரியாதாம், பூனை வளர்க்கிறாராம். எல்லாம் மனைவிக்குத் தெரிந்த செய்திதான் என்றாலும் எனக்குப் புத்தம் புதிதாக இருந்தது.

மேடையில் பையிலிருப்பதையெல்லாம் ஒரு தட்டில் போட வேண்டும். மீசைக்காரர் ஒருவர் தட்டை நீட்டினார். சாவி, கண்ணாடி, பர்ஸ் போட்டேன். கடைசியில் டேப்பையும் போட்டேன். அவர் தட்டைப் பார்த்தார். டேப்பில் இருந்த முத்திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், நீங்க..."

"ஆமா" என்றேன்.

அவர் வண்டியை இயக்கும் மேஜைக்குப் பின்னால் இருந்தவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். பிறகு மீசைக்காரர் வந்து முன் வரிசைக் கதவைத் திறந்து, என் மகளிடம் மிக மரியாதையாக, "நீங்க முன்னாடி வாங்கம்மா" என்றார். நானும் பின்னாலேயே நகர்ந்தேன். "சார், உங்களுக்குக் கடைசி வரிசை" என்றார். நியாயம்தான். திரும்பி நடந்தேன்.

"இல்லங்க, அப்பாவும் என்கூடத்தான்" என்றாள் மகள்.

மீசைக்காரர் அவளிடம் வாக்குவாதம் செய்யவில்லை. கம்பி இறங்கி மடியை அழுத்தியது. வண்டி மெதுவாக ஏறத் தொடங்கியது. கீழே பெஞ்சில் என் மனைவி தெரிந்தாள். அப்புறம் தெரியவில்லை.

"பயமா இருக்காப்பா?"

"இருக்கு."

"எவ்ளோ?"

"தெரியலம்மா" என்றேன்.